அ... அக்கா

“தம்பி, மானத்தை வாங்கிடாதடா. சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“இருக்கு... அப்புறம்?”

“இருக்கு, அ... அக்கா.”

அழைப்பு மணி இரண்டாம் தடவை அடித்தது. அவள் பையனின் காலரை இழுத்துச் சரிசெய்து, வாயோரம் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் லிஃப்ட் மெக்கானிக் நின்றார். எந்நேரமும் கிரீஸ் படிந்த சீருடையில் பார்த்த மனுஷன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆளே மாறியிருந்தார். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் பையனுக்கு கலர் பென்சில் பெட்டி.

உள்ளே வந்ததும் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். “கீல் கத்துதே. ஒரு சொட்டு எண்ணெய் விட்டா போதும்” என்றார். தொழில் புத்தி எங்கே போகும்!

அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை நான்காவது மாடியில் இருக்கிறது. ஒரு சாயங்காலம் லிஃப்ட் பாதியில் நின்றுவிட, உள்ளே மாட்டிக்கொண்டவள், “வீட்ல தம்பி தனியா இருக்கான், சீக்கிரம் திறங்க!” என்று கூச்சல் போட்டாள். வெளியே நின்று திறந்துவிட்டவர் இவர். அன்று ஆரம்பித்த பழக்கம். அதற்குப் பிறகு அந்த லிஃப்ட்டுக்கு ஏனோ அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போனது.

விவாகரத்து ஆனவள் என்பதை அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர் முகம் சுளிக்கவில்லை. “அப்பா அம்மாவும் இல்லாம, தம்பியை ஒத்தையா வளர்க்கறீங்களே. பெரிய மனசுங்க உங்களுக்கு” என்றார். அதைக் கேட்டுவிட்டு அவள் கடையின் பின்னறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டுக்கு வரட்டுமா என்று அவர் கேட்டபோதெல்லாம் குழாய் ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று தள்ளிப்போட்டு வந்தாள். சொல்வதற்கு இனி சாக்கு இல்லை. முன்பு வந்த இரண்டு வரன்களும் போன் நம்பரையே மாற்றிக்கொண்டு ஓடியவர்கள். இவரும் கைநழுவிப் போனால் தன் வாழ்க்கை இந்த ஒற்றை அறையோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். டீ தம்ளரை அவரிடம் நீட்டினாள்.

மெக்கானிக் நாற்காலியைப் பையனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். “உங்க வீட்டுக் கடைக்குட்டியா நீ? அக்காவுக்கும் உனக்கும் எவ்வளவு வயசு வித்தியாசம்!” என்று சிரித்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, “இந்த வீட்டுக்குப் பெரிய மனுஷன் நீங்கதானாமே. உங்க அக்காவை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா சார்?” என்று கேட்டார்.

பையன் தீவிரமாக யோசித்தான்.

“குடுக்கறேன் மாமா. ஆனா அ... அக்காவை அழ வைக்கக் கூடாது. சத்தம் போட்டா அ... அக்காவுக்குப் பயம்.”

“சத்தியமா போட மாட்டேன். நீயும் எங்ககூடத்தான் இருக்கப்போற.”

கேட்டது கிடைத்துவிட்டது. அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அவள் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “தம்பிக்குக் கொஞ்சம் திக்குது போல. மாமான்னு சொல்றப்ப நல்லா வருது, அக்காதான் மாட்டுது. பேச்சுப் பயிற்சி குடுக்கற டாக்டர் ஒருத்தங்களைத் தெரியும். அவங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்டை நான்தான் பார்க்கறேன். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன், கவலைப்படாதீங்க.”

பையனின் கண்கள் நிரம்பிவிட்டன. “வேணும்னு பண்ணல, அ... அக்கா. நல்லாத்தான் பழகினேன்.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அவனுக்குத் திக்கலைங்க. அவனுக்கு அம்மான்னுதான் வாய் வருது. அதை முழுங்கிட்டு அக்கான்னு சொல்றான். நான்தான் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன்.”

மெக்கானிக் அவளையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பெத்த நாள்லேர்ந்து இவனைத் தம்பி, தம்பின்னு கூப்பிட்டுத்தான் பழக்கம். அன்னிக்கு லிஃப்ட்டுக்குள்ளயும் அப்படித்தான் கத்தினேன். கூடப் பிறந்தவன்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் அப்படியே விட்டுட்டேன். பிள்ளை இருக்குன்னு சொன்னதும் ஓடினவங்களை நான் பார்த்திருக்கேங்க.”

தம்பியை வளர்த்தால் பெரிய மனசு, பிள்ளையை வளர்த்தால் பெரிய பாரம். ஊர் நியாயம் அப்படி இருக்கும்போது அவளை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய?

“இவன் என் மகன். இதுக்கு மேல இவனை முழுங்க வைக்க என்னால முடியாது” என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மெக்கானிக் டீயை முடிக்காமலே தம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். அந்த முகத்தில் இருப்பது கோபமா, வருத்தமா என்று அவளுக்குப் புரியவில்லை. இருங்கள் என்று சொல்லக்கூட அவளுக்குத் துணிவு வரவில்லை.

பையன்தான் ஓடினான். கதவுக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்று, அழுகையை அடக்க முடியாமல் கத்தினான்.

“போகாதீங்க மாமா! அக்கா பொய் சொல்றாங்க. எங்களுக்கு அம்மாவே கிடையாது!”