ஆலைக்கு ஒரு பொட்டு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பழைய ஏற்றம், எண்ணெய் இன்ஜின், மாடு சுற்றிய கரும்பாலை எல்லாம் சேகரித்து ஒரு கொட்டகையில் வைத்திருந்தார். ஆயுத பூஜையன்று பார்க்கப் போன கூட்டத்தில் நல்லாத்தாளும் அவள் புருஷன் ரங்கப்பனும் இருந்தார்கள்.

"மூத்த சுமங்கலி நீங்கதானுங்க, ஆலைக்குப் பொட்டு வெச்சு உடுங்க" என்று வாத்தியார் நல்லாத்தாளிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். ரங்கப்பனின் வலக்கையை மணிக்கட்டுவரை விழுங்கியது அதே ஆலைதான் என்று வாத்தியாருக்குத் தெரியாது. புதுப் பச்சைப் பெயின்ட்டுக்குள்ளும் உருளையின் விரிசலை நல்லாத்தாள் கண்டுகொண்டாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வெச்சுடு புள்ள. குடுக்க வேண்டியதக் குடுத்தாச்சு, இன்னும் என்ன கேக்கப்போவுது?" என்று ரங்கப்பன் சிரித்தார்.

"அன்னைக்குக் காலையிலயும் நாந்தானுங்க இதுக்குப் பொட்டு வெச்சேன்" என்றாள், அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கும்படி.

சந்தனம் தொட்ட விரலை உருளைக்குக் கொண்டுபோனாள். சிரித்துக்கொண்டிருந்தவரின் இடக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. வைக்கவும் விடவில்லை, பின்னால் இழுக்கவும் இல்லை.

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற கைகளெல்லாம் முழுசாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.