தேவநாதன்வது

“வேணும்னே தப்பா போடு நந்தா. தப்பு போட்டா என்னா வருதுன்னு பாப்போம்” என்றார் தேவநாதன்.

உதவியாளன் நந்தகுமார், ஏழெட்டுக்கு ஐம்பத்து நாலு என்று தட்டினான். மேடையின் பெரிய திரையில் சிவப்பு எழுத்து துள்ளி வந்தது: ‘தேவநாதன்வது யோசி!’

“அதென்னா ‘வது’?”

நந்தகுமார் தலையைச் சொறிந்தான். “ஒண்ணாவது, ரெண்டாவது மாதிரி தேவநாதன்வது போல இருக்குது சார். தனி ரேங்க்கு.”

“ஒண்ணாவதுக்கும் மேலன்னு சொல்லு” என்றார் தேவநாதன். முகமெல்லாம் பூரிப்பு.

இன்னும் சற்று நேரத்தில் வெளியீட்டு விழா. விருத்தாசலத்தில் டியூஷன் சென்டர் நடத்தும் தேவநாதன், பிள்ளைகளுக்கு மனக்கணக்குப் பழக்கும் சாஃப்ட்வேர் ஒன்றைத் தாமே உருவாக்கிவிட்டதாக ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்தார். ‘ஜப்பானிய நுட்பம், தமிழ் மூளை’ என்றது பேனர். ஜப்பான் பக்கம் அவர் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒருமுறை சிங்கப்பூர் டூர் போய், அதிலும் பாதி நாள் வயிற்றுக்கோளாறில் லாட்ஜிலேயே கிடந்தார்.

மேடையில் அவருடைய மார்பளவுப் பீங்கான் சிலை வேறு. சூளையில் மூக்கு லேசாகச் சரிந்துவிட்டதால், பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்தார்கள்.

உண்மையில் அந்த சாஃப்ட்வேரை எழுதியவள் ஆலடி ரோட்டு இனியா. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தாள். எழுதியவர் பெயரை அழிக்கக் கூடாது, பூட்டுப் போட்டு விற்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

தேவநாதன் அந்த இரண்டையும்தான் செய்திருந்தார். திரையின் மூலையில் இருந்த குட்டி வேல் படத்தை மட்டும், முருகன் சமாசாரம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார்.

“சார்...”

வாசலில் இனியா நின்றாள். தேவநாதன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நேத்தே போன்ல சொல்லிட்டனேம்மா. உன் பேரையும் போட முடியாது, சும்மாவும் குடுக்க முடியாது. கோர்ட்டுக்குப் போறதுன்னா போ. உன் பேத்தி வந்து தீர்ப்பு வாங்கிக்குவா.”

“கோர்ட்டெல்லாம் எதுக்கு சார்? காலையிலயே பிராது குடுத்தாச்சு. பூசை முடிச்சுட்டு நேரா இங்கதான் வரேன்.”

தேவநாதன் சட்டென்று திரும்பினார். விருத்தாசலத்தில் பிராது என்றால் யாருக்கும் போலீஸ் ஸ்டேஷன் நினைவுக்கு வராது. பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்தான். குறையை எழுதிக் கோயில் வேலில் கட்டிவிட்டால் அப்புறம் விசாரணை, தீர்ப்பு எல்லாம் சாமி பொறுப்பு. வாய்தா கிடையாது.

“எ... எம்மேலயா?”

“உங்க சாஃப்ட்வேர் மேலதான் சார்.”

“அதுல என் பேரும் எழுதியிருக்கியா?”

“எழுதாம எப்படி சார்? பிரச்சனையே உங்க பேருதான்.”

பெண்ணாடத்து மச்சான் ஆனந்தராஜின் நினைவு வந்தது. வரப்பை நகர்த்தினார் என்று பங்காளி ஒருவர் அவர் மேல் பிராது கட்டினார். மறுவாரமே மச்சானின் புது டிராக்டர் வெள்ளாற்று மணலில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை.

விழா தொடங்கியது. தேவநாதன் மைக்கைப் பிடித்தார்.

“இந்த சாஃப்ட்வேரு நான் எழுதுனது இல்லீங்க. நம்மூருப் பொண்ணு இனியா எழுதுனது. இன்னையிலேர்ந்து எல்லா ஸ்கூலுக்கும், எல்லாப் பிள்ளைங்களுக்கும் இலவசம். நான் சும்மா... எடுத்தாந்தவன்.”

கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. “எவ்வளவு அடக்கம் பாருங்க!” என்று உருகிய தலைமை விருந்தினர், இனியாவுக்குப் போர்த்தியிருக்க வேண்டிய சால்வையைத் தேவநாதனுக்கே போர்த்திவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் தேவநாதன் சால்வையோடு ஓடிவந்தார். “இனியா, நீ கேட்டதெல்லாம் செஞ்சுட்டேன். வெளிய காரு நிக்குது, வாம்மா. மணவாளநல்லூர் போயி அந்தப் பிராதை வாபஸ் வாங்கிட்டு வந்துரலாம்.”

“அங்க எதுக்கு சார்?”

“பூசை முடிச்சுட்டு பிராது குடுத்துட்டு வந்தேன்னு நீதான சொன்ன?”

“பூசை மாதா கோயில்ல சார். இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாச்சே.” இனியா கம்ப்யூட்டர் பக்கம் குனிந்து, மூலையில் இருந்த குட்டி வேலை அமுக்கினாள். ‘பிராது’ என்ற தலைப்போடு ஒரு கட்டம் திறந்தது. “பிராது குடுத்தது இதுல. சாஃப்ட்வேர்ல ஏதாச்சும் தப்பு இருந்தா எழுதறதுக்கு. நம்மூரு ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியட்டும்னு நான் வச்ச பேரு.”

பீங்கான் சிலையின் மூக்கைப் போலவே தேவநாதனும் சற்றே சரிந்தார். “அப்ப... என் பேருல என்னாம்மா பிரச்சனை?”

“என் பேரு இருந்த எடத்துல எல்லாம் நந்தா அண்ணன் ஒரே அமுக்குல உங்க பேரை மாத்திட்டாரு. நேத்து உங்க டியூஷன்ல பக்கத்து வூட்டுப் பொண்ணு கணக்கு தப்பா போட்டுட்டு, எங்கிட்ட வந்து ‘யாருக்கா இந்த தேவநாதன்வது?’ன்னு கேட்டுது.”

“அங்கயும் உன் பேருதான இருந்துச்சு?”

“இல்ல சார். அங்க இருந்தது, ‘இனியாவது யோசி!’”