செவ்வாய்க்கிழமை ஆட்டோ

திருப்பூரில் நான் தைத்த லட்ச ரூபாய்ப் பனிக்கோட்டு ஓஸ்லோவிலிருந்து திரும்பி வந்துவிட்டது. தையலில் குறையில்லை. கோட்டிலுள்ள பசுமை லேபிளை ஸ்கேன் செய்தால், தைத்த வாரத்தில் நான் எவ்வளவு புகைக்குக் காரணமானேன் என்று வாங்கியவருக்குத் தெரியும். 'செவ்வாய், ஆட்டோ, நாலு கிலோமீட்டர்' என்றிருந்ததாம்; அதைப் பார்த்துத்தான் வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"பஸ்ல போயிருக்கலாமே, மகுடேஸ்வரிக்கா," என்றார் சூப்பர்வைசர் கதிரவன்.

"அன்னைக்குப் புள்ளைக்கு வலிப்புங்க. வாயில நுரை தள்ளுது. பஸ்ஸுக்கு நிக்கறதா?"

"அதையெல்லாம் லேபிள்ல எழுத முடியாதுங்க்கா."

"இந்தக் கோட்டு எதுல வந்துச்சு?"

"பிளேன்ல."

"அந்தப் புகை?"

"வாங்கினவங்க புகை கணக்குல வராதுங்க."

இனி ஆட்டோ ஏறமாட்டேன் என்று எழுதிய தாளை நீட்டினார். வேலை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் போன் அடித்தது. மகளின் டீச்சர்.

"மறுபடியும் வலிப்புங்க. சீக்கிரம் வாங்க."