புள்ளி போன இடம்

ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு, டெக்னீஷியன் தானே மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தாடையைத் தாங்கியில் பதித்தாள். செய்வது திருட்டுத்தனம் என்று தெரியும். மாட்டினால் வேலைக்கே உலை வைத்துவிடும் என்றும் தெரியும்.

மறதி நோய்க்காரர்களுக்குப் படங்களைக் காட்டி, எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளக்கும் ஆராய்ச்சி அது. கண் போகிற இடமெல்லாம் படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி போவது பதிவாகும்.

சற்றுமுன் ஒரு கொத்தனார் பெரியவரை உட்கார வைத்திருந்தாள். பூனைப் படத்தில் புள்ளி நின்றது. செங்கல் சுவர்ப் படத்தில் ஆசையாய் நெடுநேரம் நின்றது. மனைவியின் படம் வந்ததும் ஓரத்துக்குப் போய், அங்கேயே கிடந்தது.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி கேட்டது அதைத்தான்.

"என்னைப் பார்த்தாராம்மா? பேரு மறந்துட்டாரு, போகட்டும். மூஞ்சியாவது ஞாபகம் இருக்கான்னு தெரிஞ்சா போதும். நாப்பத்தோரு வருஷமாச்சு."

"இருங்கம்மா, பதிவைப் போட்டுக் காட்டறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள் டெக்னீஷியன்.

உண்மையை எந்த வாயால் சொல்வது? ஆராய்ச்சிக் கோப்பில் பெரியவரின் பதிவு அப்படியே இருக்கட்டும். இது அந்த அம்மாவுக்கு மட்டும்.

மனைவியின் படத்தைத் திரையில் போட்டு, அரை நிமிஷம் தானே பார்த்துப் பதிவு செய்தாள். பிறகு அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டாள்.

புள்ளி நேரே முகத்துக்குப் போனது. கண், மூக்கு, மறுபடி கண். படத்தில் அவள் தலைக்கு மேலிருந்த கடைப் பலகையின் எழுத்துகள் மேல் ஓர் ஓட்டம் ஓடியது. திரும்பவும் முகத்துக்கே வந்து நின்றது.

"பார்த்தீங்களா? உங்களையேதான் பார்த்திருக்காரு!"

அந்த அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். இமைக்காமல் பார்த்தாள் அந்த அம்மா.

வெளியே வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு, கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நீங்க யாரு?" என்றார் அவர்.

"உங்க கூட இருக்கிறவதான். வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

வாசல்வரை போனவள், அவரைச் சுவரோரம் நிற்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். டெக்னீஷியனின் கன்னத்தைத் தொட்டாள்.

"அவருக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாதும்மா. பஸ் போர்டுகூட நாந்தான் படிச்சுச் சொல்வேன்."

டெக்னீஷியனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... அது வந்து..."

"இருக்கட்டும்மா. என் முகத்தை ஒருத்தர் அவ்வளவு நேரம் பார்த்து ரொம்ப நாளாச்சு."