ஓட்டையில் ஒரு கட்டைவிரல்

கறுப்புப் பெட்டிக்குள் ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாக அருகருகே உள்ள இரண்டு மெல்லிய பிளவுகளைக் கடக்கின்றன; ஒவ்வொன்றும் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியாகிறது. பட்டை பட்டையாகச் சேரவேண்டிய புள்ளிகள் மூன்று வாரமாக மணலை இறைத்ததுபோல் கிடக்கின்றன. நாளை கருவியைத் திருப்பித் தரவேண்டும். ஆய்வு மாணவியின் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அதோடு போய்விடும். பெட்டியைத் துடைக்கும் ஆய்வகப் பணியாளர், திருகு கழன்ற ஓட்டை ஒன்றைக் கண்டு கட்டைவிரலால் அடைக்கிறார். அறை வெளிச்சம் உள்ளே நுழைவது நிற்கிறது. மாணவி திரையிலுள்ள பழைய புள்ளிகளை அழித்து மறுபடி தொடங்குகிறாள். புள்ளிகள் மெல்லச் சேர்கின்றன: ஒரு வெள்ளைப் பட்டை, ஓர் இருட்டு, மறுபடி வெள்ளை. "தனித்தனியாத்தானே போகுது, யார் சொல்லி இப்படி வரிசையில நிக்குது?" என்கிறார். "அது தெரிஞ்சா நான் ஏண்ணே இங்க கிடக்கிறேன்?" காலையிலிருந்து நின்றவள் முக்காலியில் உட்காருகிறாள். "விரலை எடுக்கட்டுமாம்மா?" "எடுத்துப் பாருங்க, தெரியும் சேதி."