இறங்கி இறங்கி

பதினான்காவது கேள்வியில் அவள் பேனா தயங்கவே இல்லை.

உடன் வருபவரால் பாதி வழியில் பயணத்தைத் தொடர முடியாமல் போனால், நீங்கள்: அ) ஊர் திரும்புவீர்கள். ஆ) பயணத்தைத் தொடர்வீர்கள்.

ஆ-வில் டிக் அடித்துவிட்டுத்தான் கேள்வியை மறுபடி படித்தாள்.

படித்த பிறகும் மாற்றத் தோன்றவில்லை.

அதுதான் அவளுக்கே கொஞ்சம் திடுக்கென்றிருந்தது.

திருச்சி கண்டோன்மென்ட்டில், முதல் மாடியில் இருந்த டிராவல்ஸ் ஆபீஸ். காலை பதினொரு மணி. பக்கத்து நாற்காலியில் கணவர் தனக்கோடி இடது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அவருடைய படிவத்தையும் அவள்தான் நிரப்ப வேண்டும்.

உலகத்தைச் சுற்றி வருவது அவள் ஆசை.

முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். ஊர்ப் பெயர்களைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள்.

சின்னச் சின்னதாகப் பறப்பது அவருக்காக.

இரண்டு வருடம் முன்பு அவருடைய இடது கெண்டைக்காலில் ரத்தம் உறைந்து கட்டியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். அதற்காக உலகத்தை விட்டுவிட முடியுமா? நேர் லைன் கிடைக்காத ஊருக்கு, நடுவில் இருக்கும் ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து லைன் வாங்கியவள் அவள். அதே மாதிரி ஒரு நோட்டில் வழி போட்டாள்.

கொழும்பு. கோலாலம்பூர். மணிலா. குவாம்.

பசிபிக் கடல்தான் இரண்டு மாதம் மல்லுக்கு நின்றது. கடைசியில், தீவுக்குத் தீவு நின்று போகும் ஒரு விமானத்தைக் கண்டுபிடித்தாள்.

"டவுன் பஸ்ஸுன்னு சொல்லு" என்றார் அவர்.

ஒரே ஒரு பறப்பு மட்டும் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக டாக்டரை மறுபடி போய்ப் பார்த்தாள். டாக்டர் சிரித்துவிட்டார்.

மொத்தம் இருபத்திரண்டு முறை ஏற வேண்டும். இருபத்திரண்டு முறை இறங்க வேண்டும்.

தன் படிவத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, அவருடையதை எடுத்தாள்.

பெயர், வயது, பாஸ்போர்ட் எண். ஒன்பதாவது கேள்வி, உடல்நலக் குறிப்பு. எழுதினாள்: தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது.

தன்னுடையதில் அந்த இடத்தில் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தாள். இல்லை.

பதினான்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் படித்துக் காட்டினாள்.

"முடியாமப் போனான்னா என்ன அர்த்தம்? மண்டையப் போட்டாலா?"

மேஜைக்கு எதிரில் இருந்த டிராவல்ஸ் பெண் ஜெசிந்தா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவும் சேர்த்துதான் சார்."

"திரும்பிருவேன்னு போடு. நீ இல்லாம அந்தத் தீவுல நான் எவன்கிட்ட போய் சோறு கேக்குறது?"

அ-வில் டிக் அடித்தாள்.

நீ என்ன போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு படிவங்களையும் கவிழ்த்து வைத்து நீட்டினாள்.

ஜெசிந்தா அவற்றைத் திருப்பி, பக்கத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் கேள்வி கேள்வியாக இறங்கி வந்தாள். பதினான்கில் விரல் நின்றது.

"அம்மா, ரெண்டும் வேற வேறயா இருக்கே. மாத்தி டிக் பண்ணிட்டீங்களா? வேற ஃபார்ம் தரவா?"

ஆமாம் என்றால் முடிந்தது.

அவள் பேனாவை மூடினாள்.

அவர் கையை நீட்டினார். ஜெசிந்தா ஒரு நொடி அவளைப் பார்த்துவிட்டு, அவளுடைய படிவத்தை அவரிடம் கொடுத்தாள். அவர் கையை முழுவதுமாக நீட்டித் தூரத்தில் பிடித்தார். அவ்வளவு தூரத்தில் பிடித்தால்தான் கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியும்.

ஒரு டிக்கைப் பார்க்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

ஏசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே வைத்திருந்த வாளியில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"மாத்திப் போடுறவ இல்லம்மா இவ" என்றார் ஜெசிந்தாவிடம். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு ராங் நம்பர் குடுத்ததில்ல."

படிவத்தை மேஜை மேல் வைத்தார். குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க சார்."

"அப்படி ஆயிப்போச்சுன்னா, மிச்ச தூரத்தையும் இவ இப்படி இறங்கி இறங்கித்தான் போகணுமா? நேரா போற பிளைட்டுக்கு மாத்திக்கலாம்ல?"

"மாத்திக்கலாம் சார். அம்மாவுக்குத்தான் ஒண்ணும் பிரச்சன இல்லையே. நாலஞ்சு பிளைட்ல முடிச்சிரலாம்."

"அப்ப சரி."

அவர் நிஜமாகவே நிம்மதியானவர் போலத்தான் தெரிந்தார்.

அவள் தன் படிவத்தை இழுத்துக்கொண்டாள். பேனா மூடியைத் திறந்தாள்.

பதினான்கைத் தொடவில்லை.

ஒன்பதுக்குப் போனாள். 'இல்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள்.

"என்ன எழுதுற?" என்றார் அவர். இவ்வளவு கிட்டத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அடித்த வார்த்தைக்கு மேலே கொஞ்சம்தான் இடம் இருந்தது. நுணுக்கி எழுதினாள்.

தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது.