மெடிக்கல்காரர் வாக்கு

“மூக்கடைப்புக்கு நல்ல மாத்திரையாக் குடுங்கண்ணே. நாளைக்குக் கடலுக்குள்ள எறங்கணும்.”

கீரனூர் மருந்துக்கடையில் கைக்குட்டையால் மூக்கை அழுத்தியபடி நின்றாள் சுகுணா. பக்கத்தில் அவளுடைய அப்பா ஆண்டியப்பன். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ராமேஸ்வரத்தில் கடலடியைப் பார்க்க இருவருமாகக் கிளம்புகிறார்கள். மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கும் அவருக்கு அது பல வருட ஆசை.

கடைக்காரர் முத்துராமன் மாத்திரை டப்பா பக்கமே திரும்பவில்லை. சளியோடு யாராவது கடலுக்கடியில் போவார்களா என்று கேட்டார்.

சுகுணா விடுவதாயில்லை. படகுக்குச் சொல்லியாகிவிட்டது, அப்பாவுக்கு லீவு முடியப்போகிறது, மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் யாருக்குத் தெரியும் என்று அடுக்கினாள். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

“மாத்திரை போட்டா மூக்கு தெறக்கும்மா, இல்லேங்கல. ஆழத்துல இருக்கயில மருந்து வேகம் அடங்கிருச்சுன்னா? காத்து உள்ளயே மாட்டிக்கிரும். மேல வரவர அது விரியும். காது சவ்வு கிழிஞ்சு, தலை சுத்தி, மேல எது கீழ எதுன்னே தெரியாது. அப்புறம் உசுரோட வரணுமே.”

“நீங்க தரலேன்னா வேற கடையில வாங்கிக்கிறேன்.”

“தாராளமா வாங்கிக்கங்க. என் கையால தரமாட்டேன்.”

டாக்டர் சொல்வதைச் சந்தேகப்படுகிறவர்கள்கூட அந்த ஊரில் முத்துராமன் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆண்டியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சட்டைப்பைக்குள் கைவிட்டு, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

“எனக்கும் சளிதாம்மா. ஒனக்குத் தெரியாம இதைத்தான் போட்டுக்கிட்டிருக்கேன். கடல் எங்கிட்டும் ஓடிறாது, அடுத்த லீவுல பாத்துக்கலாம்.”

படகுக்காரருக்குப் போன் போட அவர் தெருவுக்கு இறங்கியதும் முத்துராமன் குரலைத் தாழ்த்தினார்.

“நீங்க காலையில சொல்லிக்குடுத்ததுல எதையாச்சும் விட்டுட்டனாம்மா?”

“ஒண்ணும் விடலண்ணே,” என்றாள் சுகுணா, அடைப்பே இல்லாத குரலில். “சட்டையத் தொவைக்க எடுத்தப்பத்தான் அந்த அட்டையப் பாத்தேன். இதையே நான் சொல்லியிருந்தா, என்னைய விட்டுட்டுத் தனியாப் போயி எறங்கியிருப்பாரு.”